வக்கீல் இல்லாமல் நானே வாதாடலாமா? குற்ற வழக்கைச் சந்திப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை, பூதப்பாண்டி ஆகிய ஊர்களின் குற்றவியல் நீதிமன்றங்களுக்குச் சம்மன் வாங்கிக்கொண்டு வருபவர்களிடம் ஒரே மாதிரியான சந்தேகங்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல், குற்ற வழக்குகளின் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023 நடைமுறையில் இருக்கிறது. அன்று நிலுவையில் இருந்த விசாரணைகள் 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே தொடர்கின்றன. ஆகவே தேவைப்படும் இடங்களில் புதிய சட்டம், பழைய சட்டம் ஆகிய இரண்டின் பிரிவு எண்களையும் தந்திருக்கிறேன்.

வக்கீல் வைக்காம என் கேஸை நானே நடத்தினா கோர்ட்டு ஒத்துக்குமா?

ஒத்துக்கொள்ளும். குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் தமக்காகத் தாமே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், மனுக்கள் தாக்கல் செய்யவும், ஜாமீன் கேட்கவும், இறுதி வாதத்தை முன்வைக்கவும் தடையில்லை. இதற்குக் கட்டணமோ பதிவோ கிடையாது. கறுப்பு அங்கியும் வேண்டாம். அது வழக்கறிஞர்களுக்கு உரியது. ஆனால் முடியுமா என்பதும் நல்லதா என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்குரிய பதில் இந்தப் பக்கம் முழுவதும் பரவிக் கிடப்பதால், இந்த ஒரு பதிலை மட்டும் படித்துவிட்டு யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம்.

எந்தப் பிரிவுல இது எழுதியிருக்கு? காட்டச் சொன்னா எதைக் காட்ட?

'தாமே வாதாடும் உரிமை' என்ற தலைப்பில் தனிப் பிரிவு எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 22(1)-ஆவது பிரிவும், சன்ஹிதாவின் 340-ஆவது பிரிவும் (பழைய 303), தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கொண்டு எதிர்வாதம் செய்யும் உரிமையைத் தருகின்றன. உரிமை என்று தரப்பட்டிருக்கிறதே தவிர, வழக்கறிஞரை வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் பிறருக்காக வாதாடும் தொழிலைத்தான் வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரியதாக்குகிறது. தன் வழக்கைத் தானே பேசுபவர் தொழில் செய்பவர் ஆகமாட்டார்.

மிகத் தெளிவாகக் காட்டக்கூடியது அஜ்மல் கசாப் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. வழக்கறிஞர் இல்லாதவருக்கு விசாரணை தொடங்கும் முன்பே ஒருவரை அமர்த்தித் தருவது நீதிமன்றத்தின் கடமை என்றும், குற்றம் சாட்டப்பட்டவர் கேட்காமல் மௌனமாக இருந்தாலும் அந்தக் கடமை நீங்காது என்றும் அது கூறியது. விளைவுகளை அறிந்து, தம் விருப்பத்தின் பேரில், தமக்கு வழக்கறிஞர் வேண்டாம், தாமே வாதாடுகிறேன் என்று ஐயத்துக்கு இடமில்லாத சொற்களில் அவர் தெரிவித்தால் மட்டுமே அந்தக் கடமையிலிருந்து நீதிமன்றம் விடுபடும். ஆகவே தாமே வாதாட விரும்புபவர் அதை எழுத்தில் கொடுத்து, நீதிமன்றப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கையில காசு இல்ல. அதனால நானே பேசிக்கிறேன்னு சொல்லிடலாமா?

கூடாது. என்னிடம் வந்தவர்களில் தாமே வாதாட உண்மையாகவே விரும்பியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானோர் பணமின்மையை விருப்பமாக மாற்றிச் சொல்கிறவர்கள். முந்தைய பதிலில் கண்டபடி, 'வேண்டாம்' என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல், நீதிமன்றம் உங்களுக்குச் செய்தே ஆக வேண்டிய ஒரு கடமையிலிருந்து அதை விடுவித்துவிடுகிறது. பணமில்லை என்றால் 'என்னால் வழக்கறிஞர் வைக்க இயலவில்லை' என்று சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் சட்டத்தில் அவற்றின் விளைவு நேர் எதிரானது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு அரசுச் செலவில் ஒருவரைத் தரும் பழைய சட்டத்தின் 304-ஆவது பிரிவு, அமர்வு நீதிமன்ற விசாரணையை மட்டுமே நேரடியாகக் குறிப்பிட்டது. புதிய 341-ஆவது பிரிவு எந்த நீதிமன்றத்தின் விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டுள்ளது. இதைத் தவிர, 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், காவலில் இருப்பவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச வழக்கறிஞர் பெறலாம். நாகர்கோவில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சிறையில் இருப்பவர் சிறை அலுவலர் வழியாகவே மனு அனுப்பலாம்.

ஃப்ரீ வக்கீல் சும்மா பேருக்குத்தான் நிப்பாருன்னு சொல்றாங்களே?

அப்படி நடந்த வழக்குகள் உண்டு; அவற்றை உச்ச நீதிமன்றமும் பார்த்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் அனோகிலால் வழக்கில், வழக்கறிஞர் அமர்த்தப்பட்ட அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டு விசாரணை விரைந்து முடிக்கப்பட்டதால், 2019-இல் மரண தண்டனைத் தீர்ப்பை அது ரத்து செய்து வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பியது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ளவரையே நீதிமன்ற நண்பராகவோ (நீதிமன்றம் தனக்கு உதவியாக அமர்த்தும் வழக்கறிஞர்) சட்ட உதவி வழக்கறிஞராகவோ நியமிக்கக் கருத வேண்டும் என்றும், வழக்கைப் படிக்கக் குறைந்தது 7 நாள் தருவது பொதுவாகப் போதுமானதாகக் கொள்ளப்படலாம் என்றும் அப்போது கூறியது.

உங்களுக்கு அமர்த்தப்பட்டவர் வழக்குக் கட்டைப் படிக்கவில்லை என்று கருதினால், ஆணைக்குழுவுக்கு எழுதி வேறொருவரைக் கேளுங்கள். ஒருவர் சரியில்லை என்பதற்காக வழக்கறிஞரே வேண்டாம் என்று முடிவெடுக்கத் தேவையில்லை.

செக் கேஸ்தானே, அதுக்கு எதுக்கு வக்கீல்?

தாமே வாதாடுபவர்களை அதிகம் வீழ்த்துவது இந்த வழக்குதான் என்பது என் எண்ணம். செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில், குற்றம் சாட்டுபவரே அதை நிரூபிக்க வேண்டும் என்ற மற்ற குற்ற வழக்குகளின் பொது விதி தலைகீழாகிறது. கையெழுத்து உங்களுடையது என்றானதும், அந்தக் காசோலை கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று 139-ஆவது பிரிவு அனுமானித்துக்கொள்கிறது. அதை உடைக்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழுகிறது. 'பூர்த்தி செய்யாத செக்கைச் செக்யூரிட்டிக்குக் கொடுத்தேன்' என்று வாயால் சொன்னால் போதாது.

புகார்தாரர் தம் சாட்சியத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்துவிடுவார். அவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் 145(2)-இன் கீழ் நீங்கள் மனு போட வேண்டும். இது தெரியாமல், தம்மை யாராவது கூப்பிடுவார்கள் என்று வாய்தா வாய்தாவாகக் காத்திருந்தவர்கள் உண்டு. குற்றத்தை மறுத்ததும் காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. உங்களுக்குச் சாதகமாக இருக்கக்கூடியவை தேதிகள்: காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு, அது கிடைத்த 15 நாளில் பணம் தர அவகாசம், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் புகார். இவற்றை வரிசையாக எழுதிச் சரிபாருங்கள்.

சின்ன கேஸ். குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்ல?

வரலாம்; ஆனால் அது தண்டனைத் தீர்ப்பு என்பதை அறிந்து செய்யுங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போக இருப்பவரும் அரசு வேலைக்கு விண்ணப்பித்திருப்பவரும் நிறைந்த மாவட்டம் இது. காவல்துறை நற்சான்று கேட்கப்படும் நாளில் அந்த அபராத ரசீதுதான் முன்னால் வந்து நிற்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிடும். தண்டனையின் அளவு, சட்டப்பூர்வம் ஆகியவற்றை மட்டுமே பொதுவாகக் கேட்க முடியும்.

நானே பேசுறதா முடிவு பண்ணிட்டேன். முதல்ல என்ன வாங்கணும்?

காவல்துறையின் இறுதி அறிக்கை, முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், அரசுத் தரப்பு நம்பியிருக்கும் ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு (புதிய 230, பழைய 207). பக்கங்களை எண்ணிப் பார்த்து, குறைந்தால் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் முன்பே சொல்லுங்கள்.

நகல் கையில் வந்த நாளிலிருந்து புதிய சட்டத்தில் இரண்டு கெடுக்கள் ஓடத் தொடங்குகின்றன. காவல்துறை அறிக்கையின் பேரில் நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரிக்கும் பிடியாணை வழக்குகளில் (இரண்டு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனைக்கு வாய்ப்புள்ளவை), விடுவிக்கக் கோரும் மனுவை 60 நாளுக்குள் போட வேண்டும். அமர்வு நீதிமன்ற வழக்கில் அந்த 60 நாள், வழக்கு அங்கே ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கு. இன்னொன்று, ஆவணங்களின் உண்மைத் தன்மையை ஒப்புக்கொள்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று கேட்கப்படுவது; இதற்கு 30 நாள். படிக்காமல் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுத்தால், அந்த ஆவணத்தை எழுதியவரைக் கூண்டில் ஏற்றாமலேயே அது சாட்சியமாகிவிட வாய்ப்புண்டு.

குறுக்கு விசாரணையை நானே பண்ணும்போது எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

தாமே வாதாடுபவர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சினிமாவில் பார்த்த வாதத்தை எதிர்பார்த்து வருபவர்கள் சாட்சியோடு சண்டை போடுகிறார்கள், அல்லது தம் தரப்புக் கதையை நீளமாகச் சொல்லத் தொடங்குகிறார்கள். 'கேள்வி கேளுங்கள்' என்று நீதிபதி இரண்டு முறை சொன்னதும் பதற்றத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். குறுக்கு விசாரணையில் பதிலைத் தூண்டும் கேள்விகளைக் கேட்கலாம். ஒரு கேள்வியில் ஒரே செய்தி இருக்கட்டும். சாட்சி காவல்துறையிடம் முன்பு சொல்லாத ஒன்றைக் கூண்டில் புதிதாகச் சொன்னால், அதைச் சுட்டிக்காட்டி அங்கேயே கேட்க வேண்டும். பின்னர் அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த விசாரணை அதிகாரியிடமும், அவர் அப்படிச் சொல்லவில்லைதானே என்று கேட்டுப் பதிலை வாங்க வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டால் முதல் படியின் பயன் பெரும்பாலும் போய்விடும்.

கேட்கக் கூடாதவற்றில் முதன்மையானது உங்களையே சிக்க வைக்கும் கேள்வி. 'நான் உன்னை அடிக்க வந்தபோது நீதானே முதலில் கம்பை எடுத்தாய்?' என்று கேட்பவர், தாம் அந்த இடத்தில் இருந்ததையும் அடிக்க வந்ததையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டுவிடுகிறார். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முன்வைக்கும் கருத்துகூட அவருடைய கட்சிக்காரரைக் கட்டுப்படுத்தலாம் என்று பாலு சுதாம் கல்டே வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வழக்கறிஞர் வாயிலிருந்து வந்த சொல்லுக்கே அவ்வளவு எடை என்றால், குற்றம் சாட்டப்பட்டவரே நேரில் கேட்ட கேள்வியின் எடையைச் சொல்ல வேண்டியதில்லை. சம்பவத்தை மறுப்பதா, தற்காப்பு என்பதா என்ற நிலைப்பாட்டை முதல் சாட்சி வருவதற்கு முன்பே முடிவு செய்து, எல்லாக் கேள்விகளையும் அதன் வழியிலேயே அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி எல்லாம் நானே கேட்டா, நானும் கூண்டுல ஏறிச் சாட்சி சொல்லணுமா?

வேண்டியதில்லை. உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாக எழுத்து மூலம் கேட்டால் மட்டுமே சாட்சியாக ஏறலாம் (புதிய 353, பழைய 315). ஏறாததை உங்களுக்கு எதிராகப் பேசக் கூடாது. ஏறினால் சத்தியப் பிரமாணமும் அரசு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையும் உண்டு. இதிலிருந்து வேறானது, அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும் நீதிபதி உங்களிடம் கேட்கும் கேள்விகள் (புதிய 351, பழைய 313). அதற்குப் பிரமாணம் இல்லை. பதில் சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் 'பொய்' என்ற ஒரே சொல்லை எல்லாக் கேள்விக்கும் சொல்லிவிட்டு வருவது வீணான வாய்ப்பு. நீதிமன்ற அனுமதியோடு எழுத்துப்பூர்வமான விளக்கத்தை அங்கே தாக்கல் செய்யலாம்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாயை மூடிக்கொள்ளும் உரிமை இருக்கிறது. வாதாடுபவருக்கோ பேசுவதுதான் வேலை. ஒரே ஆள் இரண்டாகவும் இருக்கும்போது முதல் உரிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துபோகிறது. நான் பெரும்பாலானோரைத் தடுப்பதற்கு உண்மையான காரணம் இதுதான். சட்டம் தெரியாதது அதற்கு அடுத்த காரணம்.

புகார் கொடுத்தது ஒரு சின்னப் பிள்ளை. அதையும் நானே நேர்ல விசாரிக்கலாமா?

முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 33-ஆவது பிரிவுப்படி கேள்விகள் நீதிபதியிடம் தரப்பட்டு அவர் வழியாகவே குழந்தையிடம் கேட்கப்படும். சாட்சியம் பதிவாகும் வேளையில் குழந்தை உங்களைப் பார்க்க நேராதபடி நீதிமன்றம் ஏற்பாடு செய்யும். வயது வந்த பெண் பாதிக்கப்பட்ட பாலியல் வன்முறை வழக்குகளிலும், சம்பவம் குறித்த கேள்விகளை எழுதி நீதிபதியிடம் தர வேண்டும் என்று சாக்ஷி வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. இத்தகைய வழக்குகளில் தாமே வாதாடும் எண்ணத்தை விட்டுவிடும்படி நான் நேரடியாகவே சொல்லிவிடுவேன்.

எனக்கு மலையாளம்தான் படிக்க வரும். தமிழ்ல நடக்குற கேஸை எப்படிப் பார்ப்பேன்?

விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலிருந்து வரும் கேள்வி இது. இங்குள்ள நீதிமன்றங்களின் மொழி தமிழ். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், திறந்த நீதிமன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். முதல் நாளே இதை மனுவாகக் கேளுங்கள். பேச்சுத் தமிழ் புரிகிறது, எழுத்து மட்டும் தெரியாது என்றால், நகல்களை வாசித்துக் காட்ட ஒருவரை வீட்டிலேயே ஏற்பாடு செய்துகொள்வதுதான் நடைமுறையில் உதவும்.

நான் கடல் தாண்டி வேலைல இருக்கேன். தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்தா அவன் எனக்காகப் பேசலாமா?

பவர் பத்திரம் மட்டும் போதாது. திருவனந்தபுரம் அமர்வு நீதிமன்றத்திலிருந்து எழுந்த டி.சி. மத்தாய் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்துவிட்டது: பவர் பெற்ற முகவர் என்பதாலேயே குற்ற வழக்கில் ஒருவருக்காக ஆஜராக முடியாது, நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும், அதையும் வழக்கில் உள்ளவரே கேட்க வேண்டும். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32-ஆவது பிரிவு அத்தகைய அனுமதிக்கு இடம் தருகிறது. தருவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பத்தைச் சார்ந்தது.

வெளிநாட்டில் இருப்பவர் தாமே வாதாடுவதும் பொருந்தாது. நேரில் வருவதிலிருந்து விலக்கு தரும் 228-ஆவது பிரிவே (பழைய 205) வழக்கறிஞர் மூலம் ஆஜராக அனுமதிப்பதாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே உங்களுக்குத் தேவை வழக்கறிஞர். தம்பி அவருக்கு ஆவணங்களைக் கொண்டு சேர்க்கலாம்.

வக்காலத்து கொடுத்த வக்கீல் வரவே மாட்டேங்கிறாரு; ஃபீஸ் பாக்கின்னு கட்டையும் தர மாட்டேங்கிறாரு. நானே எழுந்து பேசலாமா?

அன்றைய நிலையைச் சொல்லி வாய்தா கேட்கலாம். ஆனால் வக்காலத்து நிலுவையில் இருக்கும்போது வழக்கறிஞர் பாதி, நீங்கள் பாதி என்று விசாரணை நடத்த நீதிமன்றங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. வக்காலத்தைத் திரும்பப் பெற்று, அதன் பிறகு தாமாகவோ வேறொருவர் மூலமாகவோ தொடர வேண்டும். கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பாக்கியை அவர் தனியாகத்தான் வசூலிக்க வேண்டும்.

இவனுக்கு யாரும் ஆஜராகக் கூடாதுன்னு வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டா நானேதானே பேசியாகணும்?

இல்லை. கோயம்புத்தூரில் அப்படிப் போடப்பட்ட ஒரு தீர்மானம் தொடர்பான ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில், 2010-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் இத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை என்று அறிவித்தது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

நான் வேண்டாம்னு சொன்ன பிறகும் கோர்ட்டு ஒரு வக்கீலைப் போட முடியுமா?

நீதிமன்றம் தனக்கு உதவியாக ஒரு நீதிமன்ற நண்பரை அமர்த்திக்கொள்ளலாம். பெரிய தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறது. அமெரிக்காவில், ஃபரெட்டா வழக்கில் 1975-இல் வந்த தீர்ப்பு, அறிந்து மறுப்பவர்மீது வழக்கறிஞரைத் திணிக்கக் கூடாது என்று இந்த உரிமையை அரசியலமைப்பு உரிமையாகவே உயர்த்தியது. இங்கே நீதிமன்றங்களின் கவலை எதிர்த்திசையில் இருக்கிறது: யாரும் துணையின்றித் தண்டிக்கப்பட்டுவிடக் கூடாது என்பதே அது. அமர்த்தப்பட்டவர் உங்கள் எதிரி அல்லர். நீங்கள் கேட்க மறந்ததை அவர் கேட்கக்கூடும்.

இரண்டு சூழல்களில் நிலைமை மேலும் மாறும். மனநலக் குறைவால் ஒருவர் எதிர்வாதம் செய்ய இயலாதவர் என்று நீதிமன்றம் கருதினால், தாமே வாதாடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை; அதற்கான தனி நடைமுறை தொடங்கும் (புதிய 367, 368; பழைய 328, 329). மற்றொன்று, நீதிமன்ற நடவடிக்கைகளைத் தொடர்ந்து குலைப்பவரை வெளியே வைத்து விசாரணையை நடத்தச் சட்டம் இடம் தருகிறது (புதிய 355, பழைய 317). அந்த அதிகாரம் அவருக்கு வழக்கறிஞர் இருந்தால்தான் பயன்படும் என்பதால், கூச்சலிடுபவருக்கு நீதிமன்றம் முதலில் ஒரு வழக்கறிஞரைத் தேடித் தரவே முயலும்.

பாதியில முடியலைன்னா வக்கீல் வெச்சுக்கலாமா? முதல்ல வந்த சாட்சிகளைத் திரும்பக் கூப்பிடுவாங்களா?

எந்தக் கட்டத்திலும் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாம். சாட்சிகளைத் திரும்ப அழைக்க 348-ஆவது பிரிவில் (பழைய 311) மனு போடலாம். நியாயமான முடிவுக்கு அது அவசியம் என்று நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும். 'நான் சரியாகக் கேட்கவில்லை' என்ற காரணம் மட்டும் பெரும்பாலும் போதாது. எந்தச் சாட்சியிடம் எந்தச் செய்தி விடுபட்டது, அது ஏன் முக்கியம் என்று குறிப்பாக எழுத வேண்டும்.

தண்டனை ஆயிட்டா, வக்கீல் இல்லாம நடந்த கேஸ்னு அப்பீல்ல சொல்லி ரத்து பண்ணலாமா?

இரண்டாவது கேள்விக்கான பதிலைத் திரும்பப் பாருங்கள். நீதிமன்றம் உங்களிடம் கேட்கவே இல்லை, வழக்கறிஞரும் தரவில்லை என்றால் அது விசாரணையையே செல்லாததாக்கும் குறை. சுக் தாஸ் வழக்கில் 1986-லேயே, இலவச உதவி உண்டு என்று சொல்லப்படாமல் வழக்கறிஞரின்றி நடந்த விசாரணையின் தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் எல்லாம் விளக்கப்பட்ட பிறகு நீங்களே மறுத்து, அது பதிவாகியும் இருந்தால், அதே காரணத்தை மேல்முறையீட்டில் எழுப்புவது மிகக் கடினம்.

நடுவர் தீர்ப்பை எதிர்த்து நாகர்கோவில் அமர்வு நீதிமன்றத்தில் 30 நாளுக்குள்ளும், அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 60 நாளுக்குள்ளும் மேல்முறையீடு செய்யலாம். மரண தண்டனை என்றால் 30 நாள். ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டுக்கு மேற்படாத சிறைத் தண்டனை என்றால், மேல்முறையீட்டுக்கு அவகாசம் கேட்டுத் தண்டனையை நிறுத்திவைக்கும்படி அதே நீதிமன்றத்தில் தீர்ப்பு நாளன்றே மனு கொடுங்கள். மதுரையில் தாமே வாதாட நினைப்பவர், அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடப்பவை என்பதையும், இங்கே தமிழில் பதிவான சாட்சியங்களின் மொழிபெயர்ப்பு தேவைப்படும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மதுரைக் கிளையிலும் உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு இருக்கிறது. கெடு முடிவதற்குள் அங்கே விண்ணப்பம் போய்ச் சேரட்டும்.